பெட்டிக்கு இருபது புகார்

— ஒண்ணுகூட இல்லையா சார்?

— நீங்களே பாருங்கக்கா. ரெண்டு சேஃப்டி பின், ஒரு மிட்டாய்த் தாளு, ஒரே ஒரு சீட்டு.

— சீட்டு இருக்குதுல்ல! என்ன எழுதியிருக்கு?

— "இந்தப் பெட்டிய யாராவது திறப்பீங்களா?"

— ...நியாயமான கேள்விதான்.

— தேதியப் பாருங்க. நாலு வருஷம் ஆச்சு.

— அவ வேலைய விட்டுப் போயே மூணு வருஷம் ஆச்சு சார்.

— யாருன்னு தெரியுமா?

— தெரியாது.

— ...சரி, உக்காருங்க. இந்தாங்க நோட்டு, இந்தாங்க பேனா. நம்மகிட்ட சட்டை வாங்கற கம்பெனியிலேர்ந்து நாளைக்கு ஆடிட்டர் அம்மா வர்றாங்க, வேலை பாக்கறவங்கள எப்படி நடத்தறோம்னு மார்க் போட. புகார்ப் பெட்டியில வந்த சீட்டெல்லாம் எங்கேன்னுதான் முதல்ல கேப்பாங்க. இருபதாவது ஃபைல்ல இருக்கணும்.

— புகார் இல்லன்னா நல்லதுதானே?

— போன தடவை அதுக்குத்தான் நாலு மார்க் போச்சு. முந்நூறு பேர் வேலை பாக்கற இடத்துல ஒரு குறையும் இல்லன்னா, சொல்லவே பயப்படறாங்கன்னு அர்த்தமாம்.

— அந்தம்மா கெட்டிக்காரங்கதான்.

— அக்கா...

— இல்ல, ஆபீஸ்ல எழுத ஆளா இல்ல? என்னை எதுக்குக் கீழ கூப்பிட்டீங்க? மேல தையல் லைன் அப்படியே நிக்குது.

— ஆபீஸ் பொண்ணு எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும். தைக்கறவங்க எழுத்து மாதிரி இருக்கணும். நீங்க லைன் சூப்பர்வைசர், உங்க எழுத்து...

— கோழிக் கிறுக்கல்னு சொல்லிருங்க.

— அதேதான் வேணும். எழுதுங்க. ஒண்ணாவது. "டீ சூடா இல்ல."

— சூடாத்தான் இருக்கு. அளவுதான் கம்மி.

— அளவுன்னா செலவு வரும். சூடு போதும். ரெண்டாவது. "ஃபேன் சத்தம் போடுது."

— அது சுத்தவே இல்ல சார். எப்படி சத்தம் போடும்?

— சத்தம்னே எழுதுங்க.

— பொய்யா எழுதணுமா?

— மிதமா எழுதணும்.

— எல்லாம் ஒரே எழுத்தா இருந்தா கண்டுபிடிச்சிர மாட்டாங்களா?

— அஞ்சு சீட்டு இடது கையால எழுதுங்க. அஞ்சு சீட்டு நின்னுக்கிட்டு எழுதுங்க.

— ...இவ்வளவு பாடு எதுக்கு சார்? நல்ல பேருக்கா?

— நல்ல பேரு சும்மா இல்லக்கா. எம்பது மார்க்குக்குக் கீழ வந்தா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும். அப்புறம் நீங்களும் நானும் வீட்டுல உக்காந்து ஆளுக்கொரு ஃபேனப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

— அதுவாவது சுத்தும்.

— போன வருஷம் ஒரு பொண்ணு படிப்புக்காக வந்து கணக்கெடுத்துச்சே, பெரிய கண்ணாடி போட்ட பொண்ணு? இந்த மாதிரி பெட்டி மாட்டின கம்பெனிக்கெல்லாம் ஆர்டர் கூடுதாம், லாபமும் ஏறுதாம். கோடு போட்டே காமிச்சுது. கோடு சரசரன்னு மேல போகுது.

— பெட்டியத் திறந்த கம்பெனிக்கு?

— அந்தக் கேள்வி அது பாரத்துலயே இல்ல.

— முதலாளி என்ன சொன்னாரு?

— இன்னும் ரெண்டு பெட்டி மாட்டச் சொன்னாரு.

— அதையும் பூட்டியே வெக்கவா?

— சிரிக்காம எழுதுங்க. பத்தாவது. "பாத்ரூம்ல சோப்பு சின்னதா இருக்கு."

— சோப்பு இருக்கா?

— நாளைக்கு இருக்கும்.

— சார்... ஒண்ணு கேக்கவா?

— மாடிப் பின்கதவு பத்தியா? வேண்டாம்.

— நான் இன்னும் வாயே திறக்கல.

— திறக்கவும் வேண்டாம். அந்தப் பூட்டு முதலாளி தன் கையால போட்டது. ரெண்டு கட்டு சட்டை காணாமப் போனதுலேர்ந்து, அந்தப் படி வழியாத்தான் போச்சுன்னு பிடிவாதமா இருக்காரு. நானும் ரெண்டு தடவை கேட்டுட்டேன்.

— என்ன சொன்னாரு?

— சாவி வேணுமா, வேலை வேணுமான்னாரு.

— ...போன மாசம் மேல இஸ்திரிப் பெட்டி ஒயர் எரிஞ்சுதே. மாடி பூரா புகை. கண்ணு தெரியல. எம்பத்திரெண்டு பேரும் அந்தக் கதவுக்குத்தான் ஓடினோம். தட்டினோம், கத்தினோம். நான் கத்தரிக்கோலால இடிச்சேன். உங்க ரூமுக்குக் கேட்டுச்சா?

— ...கேட்டுச்சு.

— ஒயரோட போச்சு, தப்பிச்சோம். என் தங்கச்சி அந்தக் கதவை ஒட்டின மிஷின்லதான் உக்காந்திருக்கா. தினமும் காலையில அவளை அங்க உக்கார வெக்கறதே நான்தான் சார். உண்மையாவே பயமா இருக்கு.

— ...பதினொண்ணாவது. "ஸ்டூல் ஆடுது."

— சரி. ஆடுது.

— பன்னெண்டாவது... இருங்க, முதலாளி போன். சொல்லுங்க முதலாளி... ஆமா, நாளைக்குத்தான்... சந்தேகமே இல்ல, மெயில் வந்தாச்சு... அதெல்லாம் கிழிக்க முடியாது முதலாளி, அவங்க குடுத்த நோட்டு, ஒவ்வொரு சீட்டுலயும் நம்பர் இருக்கு... என்ன எழுதுவாங்க, டீ, சோப்பு, இப்படித்தான்... இல்ல, நான் எதுக்கு எழுதச் சொல்லப் போறேன்... சரி... ஆமா... சரி முதலாளி. ...என்னக்கா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?

— நீங்க பேசி முடிக்கட்டும்னு உக்காந்திருந்தா விடிஞ்சிரும். நானே இருபது வரைக்கும் எழுதிட்டேன்.

— என்ன எழுதினீங்க?

— ஸ்டூலு, சோப்பு... அந்த வகைதான்.

— குடுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ "பார்த்தேன், நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.

— படிச்சுப் பாக்க வேண்டாமா?

— நான் சொன்னதுதானே.

— ஆமாமா. போடுங்க, போடுங்க. ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க, நான் பிடிச்சுக்கறேன்.

— சீட்டை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கறீங்க?

— இடது கையால எழுதினேன்ல.

— பிடிச்சிருக்கறது வலது கை.

— ...அதுக்கும் பாவமா இருக்குமில்ல.

— பதினெட்டு... பத்தொம்பது... இருபது. சரி, போன்ல படம் எடுத்துக்கறேன். அந்தக் கம்பெனிக்கு ஒரு நகல், முதலாளிக்கு ஒரு நகல்.

— போயிருச்சா?

— போயிருச்சு.

— திரும்ப எடுக்க முடியாதுல்ல?

— முடியாது. ஏன்?

— பதினாலாவது சீட்டு சார்.

— ஸ்டூலா?

— பின்கதவு. "பின்கதவு பகல் பூரா பூட்டிக் கிடக்கு, தீப்பிடிச்சா நாங்க எல்லாரும் செத்துருவோம்"னு எழுதிட்டேன். அதுக்குக் கீழ, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. இனிமே அந்தக் கதவு திறந்திருந்துதான் ஆகணும். ...திட்டுங்க சார். வேலைய விட்டு எடுத்தாலும் பரவாயில்ல. முந்நூறு பேர் சோத்துல விளையாடறேனோன்னு யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் எழுதினேன்.

— படிச்சேன்.

— என்னது?

— படிச்சுட்டுத்தான் போட்டேன். "செத்துருவோம்"கிற இடத்துல மை மங்கிப் போயிருந்துச்சு. மேல ஒருதடவை நானே எழுதினேன்.

— ...அப்புறம் ஏன் வேண்டாம், வேண்டாம்னீங்க?

— நான் சொல்லி நீங்க எழுதினா, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும். நீங்களா எழுதினா அது புகாரு. புகார் வந்து சரி பண்ணினா ரெண்டு மார்க் கூடவே குடுப்பாங்க. முதலாளிக்கு அந்த பாஷைதான் புரியும்.

— அதுக்காகத்தான் போன்ல அவ்வளவு நேரம்...

— நீங்க எழுதற வேகத்துக்கு நான் என்னக்கா பண்றது? அவரு வெச்சதுக்கு அப்புறமும் ரெண்டு "சரி", ஒரு "ஆமா" நானே சொல்லிக்கிட்டேன்.

— அட பாவி! ...மன்னிச்சிருங்க சார், வாய் தவறி வந்திருச்சு.

— பரவாயில்ல. பதில் வந்தாச்சு, பாருங்க. முதலாளிதான்.

— படிங்க. என்னன்னு?

— "எந்தக் கழுதை எழுதினது? சரி, சாவி அனுப்பறேன். நாளைக்கு ஒரு நாள் திறந்து வை."

— ஒரு நாளா...

— ஒரு நாள்னுதான் போட்டிருக்காரு.

— அதானே பாத்தேன்! போன வருஷமும் இதேதான் சார். கதவைத் திறந்து, பக்கத்துல பூந்தொட்டியெல்லாம் வெச்சாங்க. அந்தம்மா கார் கேட்டைத் தாண்டல, பூட்டு மாட்டியாச்சு. தொட்டி முதலாளி வீட்டுக்குப் போயிருச்சு. இத்தனை எழுதியும் என்ன பிரயோஜனம்? நாளன்னைக்குக் காலையில என் தங்கச்சி மறுபடி பூட்டுன கதவுக்குப் பக்கத்துலதானே உக்காரப் போறா?

— ஆடிட் முடிஞ்சாத்தானேக்கா பூட்டுவாரு.

— நாளைக்கு முடிஞ்சிருமே!

— நாளைக்கு யாரும் வரலக்கா. இந்த வருஷம் தேதியே சொல்ல மாட்டோம், எப்ப வேணா வந்து நிப்போம்னுதான் மெயில். அது எனக்கு மட்டும்தான் வந்துது. நாளைக்குச் சாயங்காலம் முதலாளி ரூமுக்குப் போய்ச் சொல்லுவேன், "இன்னைக்கு வரல முதலாளி... நாளைக்குத்தான் வர்றாங்களாம்"னு.