இடது மரை

— அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடக் கூடாதுன்னா போடக் கூடாது. அதைச் சொல்லத்தான் பட்டறையைப் பூட்டிட்டு வந்தேன்.

— முதல்ல உட்காருங்கண்ணா. ஆய்வுக்கூடத்து இருட்டுல எதையாவது தட்டிவிட்டுடாதீங்க.

— உட்கார வரலை. பத்திரிகையில வந்த உன் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சட்டம் போட்டு, லேத்துக்கு மேல அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். நீ பாட்டுக்கு 'தப்பு, திரும்ப வாங்கிக்கறேன்'னு கடிதம் அனுப்பினா அங்க எதை மாட்டுறது?

— காலண்டரை மாட்டுங்க.

— நக்கலா? நம்ம வீட்டுல செஞ்ச வேலையை யாரும் திரும்ப வாங்கினதில்லை.

— இந்தாங்க, முப்பரிமாணப் படத்துக்குச் சினிமாக் கொட்டகையில கொடுக்கிற கண்ணாடி. போட்டுக்கிட்டு மேசையில இருக்கிற கண்ணாடிச் சில்லைப் பாருங்க. ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை.

— வலது கண்ணுல பச்சையா மின்னுது. இடது கண்ணுல கரிக்கட்டை. என்ன சாயம் இது?

— சாயமே இல்லை. ரெண்டு சில்லுக்கு நடுவுல ஒரு சொட்டு திரவப் படிகம். உள்ள மூலக்கூறுங்க அடுக்கடுக்கா, ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் திரும்பி நிக்குது. நீங்க கம்பியில வெட்டுற திருகு மரை மாதிரி. வலது மரைன்னா வலது பக்கம் சுழல்ற வெளிச்சத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இந்தக் கண்ணாடி வலது சுழற்சியை வலது கண்ணுக்கும், இடது சுழற்சியை இடது கண்ணுக்கும்தான் விடும். அதான் ஒரு கண்ணுக்கு மட்டும் தெரியுது.

— சொட்டுக்குள்ள மரையா? எத்தனை சுத்து?

— ஒரு தலைமுடி கனத்துக்கு இருநூறு.

— இருநூறா. யார் வெட்டினது?

— யாரும் வெட்டலை. தானா முறுக்கிக்கும். இப்போ நீல விளக்கைப் போடறேன்.

— மஞ்சளாகுது... சிவப்பு. நீ தொடவே இல்லையே.

— வெளிச்சம் பட்டு மரை தளருது. இடைவெளி கூடக்கூட நிறம் மாறும்.

— நான் ஒரு மரையை மாத்தணும்னா கம்பியையே தூக்கிப் போடணும். இப்போ நிறமே போயிடுச்சே.

— அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது. வலது மரை இடது மரையா மாறும்னு நான் எழுதினேன் இல்லையா?

— அதைத்தானே ஊரைக் கூட்டிச் சொன்னேன். 'உங்க தங்கச்சி சில்லைத் தலைகீழா வெச்சிருப்பா'ன்னான் ஒருத்தன். தலைகீழாப் பிடிச்சாலும் வலது மரை வலது மரைதான், போடான்னேன்.

— முகம் பார்க்கிற கண்ணாடியில?

— அதுல இடது மரையாத் தெரியும்.

— அங்கதாண்ணா கோட்டை விட்டேன். சிவப்பா இருந்தப்போ எடுத்து, கட்டுரையில போட்ட படம், அப்படி ஒரு கண்ணாடியில பட்டுத் திரும்பின வெளிச்சத்துல எடுத்தது. போன வாரம்தான் கவனிச்சேன். மரை மாறவே இல்லை. விளக்கை அணைச்சிடறேன்.

— கை வைக்காதே. நான் பேசி முடிக்கலை.

— ஒரு நிமிஷத்துக்கு மேல எரிஞ்சா படிகம் சூட்டுல கெட்டுடும். நாங்க யாருமே அதுக்கு மேல விடறதில்லை.

— கெடட்டும். இந்தத் தப்பு வேற யாருக்குத் தெரியும்?

— யாருக்கும் தெரியாது.

— அப்புறம் என்ன? வாயை மூடிக்கிட்டு இரு.

— என் படத்தை நம்பி மூணு பேர் ரெண்டு வருஷமா இதையே செஞ்சு பார்க்கிறாங்க. வரலை. தங்களோட கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

— அவங்க என்ன நம்ம வீட்டுப் பிள்ளைங்களா? மானம் போனா...

— போனா? சொல்லுங்க.

— இடது கண்ணுல சிவப்பு தெரியுது.

— வலதுன்னு சொல்லுங்க.

— முப்பது வருஷமா மரை வெட்டுறவனுக்கு இடது வலது தெரியாதா? வலது இருட்டு. இடது சிவப்பு. இப்போ மஞ்சளாகுது. ஐயோ, பச்சை.

— கொடுங்க அந்தக் கண்ணாடியை... ஆமாண்ணா, இடதுதான். நடுவுல முகக்கண்ணாடி எதுவும் இல்லை.

— இல்லை. தளர்ந்துக்கிட்டே போய், அவிழ்ந்து, அந்தப் பக்கமா முறுக்கிக்கிட்டு வந்து நிக்குது.

— நாங்க இத்தனை நாளா பாதி வழியிலயே அணைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

— கம்பி இல்லை, உளி இல்லை. வெறும் வெளிச்சம்.

— அப்போ நான் எழுதினது நிஜம்ணா. நீங்க சொன்னபடியே திரும்ப வாங்க வேண்டாம். கடிதத்தைக் கிழிச்சுடவா?

— கிழிக்காதே. இதுக்குப் பக்கத்துல முகக்கண்ணாடியில எடுத்த அந்தத் தப்பான படம் நிக்கக் கூடாது. கையெழுத்தைப் போடு.