‘வரேன்’ என்றால் வருகிறேன் அல்ல

என்னை முகாமில் எல்லாரும் வயர்லெஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தொன்று. படைக் குடியிருப்பின் கடைசி வரிசையில், குழாய் ஒழுகும் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். அமைதிப் படையாக வேறொரு நாட்டுக்கு அனுப்பப்பட்ட எங்கள் கம்பெனியில் நான் தகவல் தொடர்பு வேலை பார்த்தேன். நேற்று விசாரணையில் பாதியில் நின்றுபோன என் வாக்குமூலத்தை இன்று எழுத்தரிடம் முழுதாகச் சொல்கிறேன்.

பாலத்துச் சாவடியில் பொறுப்பில் இருந்து இறந்துபோன சார்ஜன்டை எல்லாரும் கொட்டாவி என்பார்கள். காவலில் நின்று ஓயாமல் கொட்டாவி விடுவார், ஆனால் கண் அசரமாட்டார். படையில் ஆளுக்கு ஆள் மச்சான்தான். எனக்கு அவர் நிஜ மச்சான், என் அக்காவின் கணவர். அவர் சாவடியை விட்டு ஓடினார் என்று அறிக்கையில் எழுதப் போகிறார்கள். அது பொய்.

எங்கள் முகாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், சாவடி அந்தப் பக்கம். சண்டை போட்ட இரண்டு கோஷ்டிகளுக்கும் நடுவில் நிற்பது எங்கள் வேலை. சுட வேண்டுமென்றால் பல நாட்டு அதிகாரிகள் இருக்கும் தலைமையகத்தில் அனுமதி கேட்க வேண்டும். "கையைக் கட்டிப்போட்டு காவல் காக்கச் சொல்றாங்கடா" என்று மச்சான் சிரிப்பார்.

சம்பவத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சந்தையில் வெடிச்சத்தம் கேட்டது. அதன் பிறகு சந்தையில் இருந்தவர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு சாவடிக்குள் ஓடி வந்தார்கள் என்றும், ஒரு கோஷ்டி லாரிகளில் வந்து அவர்களை ஒப்படைக்கச் சொல்கிறது என்றும் மச்சான் வயர்லெஸ்ஸில் சொல்லி, சுட அனுமதி கேட்டார். நான் தலைமையகத்துக்குச் சொன்னேன். காத்திருக்கச் சொன்னார்கள். மறுபடி கேட்டேன். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை, கருவியின் ஒயர் விட்ட தூரத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

"என்னடா சொல்றாங்க?"

"இருக்கச் சொல்றாங்க மச்சான்."

"இருக்கேன், இருக்கேன். எங்க போகப் போறேன்?"

அதற்குள் எங்கள் மேஜர் மீட்பு வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக நிறுத்தியிருந்தார். அதன் பிறகு துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே மச்சான் நம் மொழியில், "உங்க அக்காகிட்ட சொல்லிடு. அப்ப நான் வரேன்டா" என்றார். அதன் பிறகு பேசவில்லை.

அதைத் தலைமையகத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் மொழியைப் புத்தகத்தில் படித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், சார்ஜன்ட் வந்துகொண்டிருப்பதாக அங்கே சொல்லியிருக்கிறார். அவர் பின்வாங்கி வருவதால் மீட்பு வண்டி போக வேண்டாம் என்று உடனே உத்தரவு வந்தது. "சார், அது வர்ற வரேன் இல்ல, போற வரேன்!" என்று நான் கத்தினேன். மேஜர் நம் ஆள், அவருக்குப் புரிந்தது. தலைமையகத்துக்குப் புரிகிற பொது மொழியில் அதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வார்த்தை அகப்படவில்லை. வண்டியின் இன்ஜினை அணைத்தார்கள்.

மேஜர் விடாமல் வாதாடி அனுமதி வாங்கியபோது அந்தப் பக்கம் சத்தம் அடங்கியிருந்தது. சாவடியில் ஒருவரும் இல்லை. சந்தை ஆட்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. மச்சான் உடல் ஆற்றில் கிடைத்தது. எங்கே நின்று செத்தார் என்று சொல்ல யாரும் மிஞ்சாததால், அந்த ஒரு சொல்லை வைத்து அவரை ஓடியவர் ஆக்குகிறார்கள்.

ஊருக்கு வந்ததும் அக்கா, "அவர் சொன்னதை அப்படியே சொல்லு" என்றாள். சொன்னேன். "போறேன்னு அவர் வாயில என்னைக்குடா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

நேற்று இந்தச் சொல்லைப் பற்றி விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். அவரும் நம் மொழிக்காரர்தான். "சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதைத்தான் எடுத்துக்க முடியும்" என்றார். அதன் பிறகு நேரமாகிவிட்டது என்று எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் பார்த்து, "சரி, நான் வரேன்" என்றார். அறையில் ஒருவரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு போனோம்.

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அத்தனையும் உண்மை. இதில் ஒரு சொல்லையும் யாரும் பெயர்த்து எழுத வேண்டாம்.

(கையொப்பம்)