இன்வெர்ட்டர் மேல் வைத்த மாவு

— ஹேமா, ஓடி வா! இன்வெர்ட்டர் மேல சூட்டுக்கு வச்ச மாவு மூடியைத் தள்ளிட்டு எழுந்து நிக்குது! இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா அதுவே பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குப் போயிடும்!

— கத்தாதீங்க, அமுங்கிடப் போகுது.

— அமுங்குமா? விரலால அழுத்தினா குழந்தை கன்னம் மாதிரி திரும்பி வருது. முப்பத்தாறு வருஷம் எலக்ட்ரிக் டிரெயின் ஓட்டினேன், இப்படி ஒரு பிக்கப்பைப் பார்த்ததில்ல!

— போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டியோட பிக்கப் இன்னும் பால்கனி கதவுக்கு முட்டுக்கொடுத்துட்டு நிக்குது.

— அது ஈஸ்ட்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கொன்னது. அதுக்கு முந்தினது உப்பை அள்ளிக் கொட்டினது. மூணாவது தடவை இந்த லோகநாதன் கோட்டை விட மாட்டான். பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?

— இருக்குங்க. இன்னைக்கு ரொட்டி உப்பலைன்னா ஆயுசுக்கும் நீங்க சமையலறைக்குள்ள கால் வைக்கக் கூடாது. உப்பினா காலை நேரம் அது உங்க ராஜ்ஜியம், நான் வாயைத் திறக்கக் கூடாது.

— கீழ் வீட்டு லாசரஸ்தான் அம்பயர். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்.

— குக்கர்ல விசில், கேஸ்கெட் ரெண்டையும் கழட்டினீங்களா?

— கழட்டி, அடியில உப்பு பரப்பி, சூடும் பண்ணியாச்சு. இதோ, மாவை இறக்கறேன்... மூடினேன்... சிம்ல வச்சேன்... ஆச்சா மணி?

— ஒரு நிமிஷம் ஆச்சு.

— இப்போ?

— ரெண்டு. நாப்பது ஆகறதுக்குள்ள மூடியைத் தொட்டீங்க, கரண்டி பேசும்.

— இப்போ, ஹேமா? இப்பவாவது?

— ம், நாப்பது. அம்பயரும் வந்துட்டார் பாருங்க. உள்ள வாங்கண்ணா.

— இன்னா சார், எங்க வூடு வரிக்கும் வாசனை தூக்குது!

— உங்க வீடு வரைக்குமா? தாம்பரத்துல இறங்க வேண்டியவன்லாம் வாசனையைப் பிடிச்சுக்கிட்டே இங்க வந்து இறங்கறான் லாசரஸ்! திறக்கறேன், தள்ளி நில்லுங்க!

— யம்மாடி! தலகாணி கணக்கா உப்பிகினு கீது சார்!

— அடியில தட்டுங்க. தபேலா சத்தம்! உள்ள வெந்தாச்சுன்னு அர்த்தம். ஹேமா, கத்தி!

— ஆறினப்புறம் அறுக்கணும்னு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?

— ஆறற வரைக்கும் யார் உயிரோட இருக்கறது? இந்தாங்க லாசரஸ், முதல் துண்டு.

— சோக்கா கீது சார். லைட்டா புளிக்குது, அவ்ளோதான்.

— அதுதான் பாரிஸ் டேஸ்ட்! அங்க இந்தப் புளிப்புக்காக மழையில வரிசை கட்டி நிக்கறான்!

— சார் ஜெயிச்சுட்டாரு அக்கா. தீர்ப்பு சொல்லிட்டேன். வூட்ல குடுக்க ஒரு துண்டு எடுத்துகினு போறேன்.

— ரெண்டா எடுத்துக்கோங்கண்ணா. கதவைச் சாத்திட்டுப் போங்க.

— பார்த்தியா ஹேமா? ராஜ்ஜியம் கைக்கு வந்தாச்சு! எல்லாம் ஈஸ்ட்டைக் கையாளற விதத்துல இருக்கு.

— எந்த ஈஸ்ட்டுங்க? மிக்சிக்குப் பின்னாடி டம்ளர்ல நுரை தள்ளிட்டு நிக்குதே, அதுவா?

— ஐயய்யோ! நான் அதை மாவுல ஊத்தவே இல்லையா?

— நேத்து சாயங்காலம் அதைக் கரைச்சு வச்சுட்டு, போன்ல ஊர் பூரா பந்தயத்தைச் சொல்லிக்கிட்டே வெறும் தண்ணியில பிசைஞ்சீங்க.

— அப்புறம் எப்படி உப்பிச்சு?

— நேத்து ராத்திரி நீங்க வாக்கிங் போனதும், புளிச்ச இட்லி மாவுல ஒரு கரண்டி ஊத்தி மறுபடி பிசைஞ்சு வச்சேன்.

— நீயா! பேசாம விட்டிருந்தா நீதானே ஜெயிச்சிருப்ப? நான் சமையலறைப் பக்கமே வந்திருக்க மாட்டேனே!

— அந்தப் பயத்துலதாங்க ஊத்தினேன். நாளையிலேருந்து ஆறு மணிக்கு எனக்கு யோகா கிளாஸ், பணம் கட்டியாச்சு. எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது ரெண்டு தோசையும் தேங்காய்ச் சட்னியும் தயாரா இருக்கட்டும், மகாராஜா.