பதின்மூன்றாவது படி

மாலை ஐந்தேகால் மணி. சிலாய் ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் ஆளில்லாத சாலை. அதன் கடைசியில் அந்தப் பழைய பண்ணையார் வீடு. இப்போது மியூசியம்... நான் சொல்லி முடிக்கும்வரை இந்த மெழுகுவர்த்தியை யாரும் அணைத்துவிடாதீர்கள். என்னோடு வேலை செய்கிற ஜினலினுக்கு நடந்தது இது.

அவள் அம்மா ரெமெடியோஸ்தான் அந்த வீட்டுக்குப் பொறுப்பு. மாடி ஜன்னல்களை அடைத்துவிட்டு, இங்கே எல்லாரையும் போலப் படியை எண்ணிக்கொண்டே இறங்குவாள். பொன், வெள்ளி, சாவு... பொன், வெள்ளி, சாவு. கடைசிப் படி சாவில் முடியக் கூடாது. அதற்காகவே பதின்மூன்று படி வைத்துக் கட்டிய வீடு. போன மழையில் தண்ணீர் புகுந்ததென்று கீழ்த்தரையை உயர்த்தி சிமென்ட் பூசினார்கள். அடிப்படி புதைந்தது, மிச்சம் பன்னிரண்டு. கொத்தனார் தயங்கினார்.

"டிக்கெட் வாங்கி வர்றவன் படியா எண்ணப் போறான்? பூசுங்க!" என்றாள் ரெமெடியோஸ். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அன்றைக்கு ஜினலின் கீழே காத்திருந்தாள். தரைமெழுகு வாசனை. டக்... டக்... பச்சை நூலால் வார் தைத்த அம்மாவின் செருப்பு இறங்கிவந்தது. கடைசிப் படியில் "சாவு" என்றாள். அடுத்த அடி தரையில் விழவில்லை. ஆளையே காணோம். மறுபடி மாடியிலிருந்து, "பொன்... வெள்ளி..."

ஐந்து முறை. ஆறாம் முறை அழுகை.

"ஜினா, படி முடியவே மாட்டேங்குதுடி!"

"எண்ணாம வாம்மா!"

"வாய் தானா எண்ணுதுடி! என்னை விட்டுட்டுப் போயிடாத!"

ஜினலின் ஓடிப்போய்த் தோட்டத்தில் கிடந்த சிமென்ட் கல்லைத் தூக்கிவந்து படியடியில் போட்டாள். "இதான் பதிமூணு! இதுமேல கால வைம்மா!"

டக். "பொன்."

வந்துவிட்டாள். சில்லென்ற கை. கட்டிக்கொண்டு அழுதாள் மகள். கதவைப் பூட்டினார்கள், ட்ரைசைக்கிளில் ஏறினார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அப்பாடா என்றிருந்தது.

வண்டி நகர்ந்ததும், பூட்டிய வீட்டின் மாடியிலிருந்து அதே அழுகை... "ஜினா, எங்கடி போற?"

ஜினலின் இறங்கப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் பிடித்த கையை உதற முடியவில்லை.

"திரும்பாத. வீட்டுக்குப் போலாம்."

மறுநாள் விடியும் முன் ஜினலின் ஓடிப்போய் வீட்டைத் திறந்தாள். மாடியில் ஒருவரும் இல்லை. மேல்படியில் ஒரு ஜோடி செருப்பு மட்டும், வாரில் பச்சை நூல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவள் காலிலும் அதே செருப்பு, அதே பச்சை நூல்.