லோன் வேணாம் தாயி, நீ சாப்ட்டியா?

சரி, பேச வந்ததைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டுச் சின்னதா ஒரு கதை சொல்லிடறேன். கடைசி வரிசைத் தம்பி, போனை உள்ள வைப்பா... உனக்காகத்தான் சொல்றேன்.

சங்கரன்கோவில்ல ஒரு பொண்ணு. பேரு ஆவுடைச்செல்வி. அம்மா காலமாயாச்சு. அப்பா கோமதிநாயகம், விசைத்தறிக் கூடத்துல வேலை. தறி ஓடுற இடத்துக்குள்ள போயிருக்கீங்களா யாராவது? தடதட தடதடன்னு... பக்கத்துல நிக்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. அந்த மனுஷனுக்குப் பகல் பூரா வாயைத் திறக்க வழியில்ல. பேசணும்னா வீட்டுக்கு வந்துதான் பேசணும். வீட்டுல யாரு இருக்கா? பொண்ணு ஹாஸ்டல்ல. லீவுக்கு அவ வந்தாத்தான் அங்க பேச்சுச் சத்தமே.

செல்விக்குக் காலேஜ் கடைசிப் பரிட்சை முடிஞ்சுது. கம்போடியாவுல சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற வேலை கிடைச்சிருக்கு. போனா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஊரு. ஆக, அப்பாவும் பொண்ணும் சேர்ந்து இருக்கக் கிடைச்சது அந்த ஒரு கோடை லீவுதான். இதை மனசுல வச்சுக்குங்க.

அந்த வேலைக்குத் திருநெல்வேலியில பயிற்சி வகுப்பு. ரெஜினான்னு ஒரு மேடம். முதல் நாளே சொல்லிட்டாங்க. "கிளாஸ்ல உங்க பாஷை ஒரு வார்த்தை வரக் கூடாது. கையைக் காட்டு, முகத்தைக் காட்டு, இங்கிலீஷ்லயே புரிய வை." கிளாஸுக்குத்தான் சொன்னாங்க. நம்ம ஆளு என்ன பண்ணிச்சு? வீட்டுக்கும் அதே சட்டம் போட்டுடுச்சு!

சாயங்காலம் அப்பா வர்றார். "செல்வி, மோட்டார் போடட்டுமா தாயி?"

"நோ டமில், டாடி! ஒன்லி இங்கிலீஷ்!"

அவருக்குத் தாங்காத பெருமை. டீக்கடையில போய்ச் சொல்றார், "எங்க வீட்டுல இப்ப இங்கிலீஷ்தான் பாத்துக்கோ." ஆனா அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எவ்வளவு? ஒரே வார்த்தை. "யெஸ்." சோறு போடட்டுமான்னு கேட்டா, யெஸ். உடம்புக்கு என்னன்னு கேட்டாலும், யெஸ். ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். நாள் போகப் போக அந்தச் சிரிப்பும் குறைஞ்சு போச்சு. வருவார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், கொல்லையில துவைக்கிற கல் மேல போய் உக்காந்துக்குவார். உள்ள பொண்ணு கண்ணாடியைப் பாத்து, "ஸ்டாண்ட் அப், சில்ட்ரன்... சிட் டவுன், சில்ட்ரன்..." ஒரு வீடு. ரெண்டு பேரு. ரெண்டு பேருமே தனி... என்ன கொடுமை பாருங்க.

பயிற்சியோட கடைசி நாள். ரெஜினா மேடம் எல்லாரையும் பிள்ளைகள் மாதிரி உக்கார வச்சாங்க. கம்போடியா பாஷையில பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க. முழுக்க முழுக்க அந்தப் பாஷைதான். செல்விக்கு ஒரு எழுத்து புரியலை. பக்கத்துல இருக்கிறவங்க சிரிச்சா இவளும் சிரிக்கிறா. மேடம் இவளைப் பாத்து என்னமோ கேட்டாங்க. இவ தலையாட்டினா. மறுபடி கேட்டாங்க. மறுபடி தலையாட்டினா. அத்தனை பேருக்கு நடுவுல, யாருமே இல்லாத இடத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துதாம் அவளுக்கு.

மேடம் பாடத்தை நிறுத்திட்டுத் தமிழ்லயே கேட்டாங்க. "புரியலைல்ல? அப்புறம் ஏம்மா தலையாட்டினே?"

"நீங்க ஆசையா சொல்லிக் கொடுக்கிறீங்க மேடம்... புரியலைன்னு சொல்ல மனசு வரலை."

சொல்லும்போதே பொண்ணுக்குச் சுருக்குன்னுது. இந்தத் தலையாட்டல்... இதை நான் தினமும் பாக்கிறேனே... எங்க பாத்தேன்?

பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வர்றா. வாசல்ல செருப்பைக் கழட்டும்போது உள்ள சிரிப்புச் சத்தம். அப்பா! போன்ல பேசிக்கிட்டிருக்கார்.

"லோன்லாம் வேணாம் தாயி... நீ சாப்ட்டியா? ...எந்த ஊரு உனக்கு? ...காலையில இருந்து பேசிக்கிட்டே இருக்கியே, தொண்டை வத்திப் போகும்லா. தண்ணி குடிச்சுக்கோ என்ன..."

யாருன்னு தெரியுதா? லோன் வேணுமான்னு கூப்பிடுவாங்களே, நாம எரிஞ்சு விழுந்து கட் பண்ணுவோமே... அந்தப் பொண்ணு! அது போனை வச்சிடுச்சு. இவர் வைக்கலை. "ஹலோ... ஹலோ..."ங்கிறார்.

செல்வி பின்னால நின்னு கேட்டா. நல்ல தமிழ்ல கேட்டா. "யாருப்பா போன்ல?"

அவர் திடுக்குன்னு திரும்பினார். சிரிச்சார். தலையை ஆட்டினார்.

"யெஸ்... யெஸ்."

...பொண்ணு அப்படியே உக்காந்து அழுதுட்டா. "தமிழ்ல பேசுங்கப்பா! ஏம்ப்பா எங்கிட்ட ஒண்ணுமே பேசலை?"

"நான் தமிழ்ல பேசினா உன் இங்கிலீஷ் கெட்டுப் போயிரும்னு பயந்துட்டேன் தாயி. போற இடத்துல உன் வேலைக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுல்லா. அதான் வாயைக் கட்டிக்கிட்டேன்."

"பேசணும் போல இருந்தா என்ன செஞ்சீங்க?"

"இந்த லோன் பிள்ளைக கூப்பிடும்லா... அதுககிட்ட ரெண்டு வார்த்தை."

அவ கிளம்ப ஒரு வாரம்தான் மிச்சம். அந்த ஒரு வாரம் பேசினாங்க. போன நாள் திரும்ப வருமா? வராது. அவ இன்னைக்கும் அதைச் சொல்லி வருத்தப்படுறா.

இதை ஏன் சொல்றேன்? இங்கிலீஷ் படிக்காதேன்னா? ஐயையோ, நல்லாப் படிங்க! உலகம் பூரா போங்க! ஆனா உங்க வீட்டுல ஒருத்தர் தலையாட்டிக்கிட்டு இருக்கார். நீங்க ஆபீஸைப் பத்திப் பேசுறீங்க, ஆட்டுறார். போனைப் பாத்துக்கிட்டே பேசுறீங்க, ஆட்டுறார். நீங்க புரிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறீங்க. அவருக்குப் பேச ஆளில்லைங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு ஆட்டுறார். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் எந்தத் தேசத்துல போய் யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போறான்?

என்ன... இப்ப நீங்க எல்லாரும் தலையாட்டுறீங்க! எனக்காகவா?

வேணாம். வீட்டுக்குப் போங்க. பக்கத்துல உக்காருங்க. "சாப்ட்டீங்களா"ன்னு கேளுங்க. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடாதீங்க... பதில் வர்ற வரைக்கும் உக்காந்திருங்க.