வாடகைக்கு இருப்பவளுக்குப் பேச உரிமை இல்லையாம்

எங்கள் வார்டு கவுன்சிலர் வாடகைக்கு இருப்பவர்களின் வாயை அடைக்கிறார். விஜயநகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் எங்கள் வார்டுப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்ததில்தான் எனக்கே இது தெரிந்தது.

"சாக்கடைத் தண்ணி அடுப்படி வரைக்கும் வருதுன்னு வார்டு கூட்டத்துல எழுந்து சொன்னேன்க்கா. 'ஓனரா நீங்க?'ன்னாரு கவுன்சிலர். வாடகைன்னேன். 'ஓனருங்க மட்டும் பேசட்டும், நீங்க கூத்கொள்ளி'ன்னு கன்னடத்துல உக்காரச் சொல்லிட்டாரு."

"உக்காந்துட்டியா?"

"நானா? 'கூத்து நீங்க ஆடுங்க சார், நான் நின்னே பாக்கறேன்'னு தமிழ்ல சொன்னேன். அவருக்குப் புரியல. பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சுட்டாங்க."

"அய்யோ ராமா! அப்புறம்?"

"கன்னடத்துலயே கேட்டேன். ஓனர் இந்த ஊர்லயே இல்ல, பெங்களூர்ல இருக்காரு, நாத்தம் அவரு மூக்குக்கா வருது? சாக்கடை என்ன, ஓனரான்னு கேட்டுட்டா உள்ள நுழையுது? கடைசி வரைக்கும் நின்னேன்க்கா. அடுத்த கூட்டத்துக்கும் போவேன்."

இவளைப் போல நாலு பேர் இருந்தால் எங்கள் வார்டு உருப்படும்.

கவுன்சிலரே, ஓட்டுக் கேட்டு வந்தபோது ஓனரா என்று யாரையாவது கேட்டீர்களா? ஓனர்தான் பேசலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அடுத்த கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், மைக்கில் சொல்லுங்கள்.