முப்பது நாள் பட்டாளம்

— அன்னைக்குக் காலைல போன்ல நான் கேட்டது இன்னும் காதுல நிக்குது அத்தான். "இன்னைக்கு எங்க கல்யாண நாள். கேம்ப் பன்னெண்டு மணிக்குத்தானே கலையுது, உங்க தம்பியை மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி விட்டுடுங்களேன்"னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?

— "ரெகுலர் ஆர்மில இதெல்லாம் நடக்காது எமி. உன் புருஷன் முப்பது நாள் பட்டாளம்தான, பதினொண்ணுக்கு அனுப்பி வைக்கேன்"னு சொன்னேன். இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு?

— அதுக்கு நான் என்ன சொன்னேன்?

— "நீங்களும் சாப்பிட வாங்க அத்தான், தால்ச்சா வைக்கிறேன்"னு சொன்ன. நானும் வந்தேன். கொர்னேலியஸ் வரல. போலாரம் கேம்ப்லேர்ந்து ஸ்கூட்டர்ல வந்தவனை அல்வால்ல தண்ணி லாரி அடிச்சுப் போட்டுருச்சுன்னு உங்கிட்டச் சொல்ல வேண்டியவன் நானாப் போனேன். மூணு வருஷம் ஆச்சு, போதும்மா. கட்டிலு, பீரோ எல்லாம் வேன்ல ஏத்தியாச்சு. நாளைக்கு இந்த ரயில்வே க்வார்ட்டர்ஸ் வரிசையை இடிக்கப் போறான். நீ எந்திரிச்சேன்னா சைனிக்புரிக்குக் கிளம்பிரலாம். உங்கக்கா கனகமணி நம்ம வீட்டு மாடி ரூமைக் கழுவி வச்சிருக்கா.

— அக்கா நேத்தே போன் பண்ணாங்க. ஜன்னலுக்குப் புது கர்ட்டன் போட்டாச்சு, பச்சை பிடிக்கலேன்னா இப்பவே சொல்லுன்னாங்க. மணி என்ன அத்தான்?

— பத்து இருவது.

— அப்போ இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. உக்காருங்க.

— எங்க உக்கார? நாற்காலியையும் ஏத்தியாச்சே.

— தரையில உக்காருங்க. சுபேதார் சாப் தரையில உக்காந்தா பென்ஷனைக் குறைச்சிட மாட்டாங்க.

— இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அது என்ன நாப்பது நிமிஷக் கணக்கு?

— பதினோரு மணிக்கு அவங்க போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி நான் கிளம்ப மாட்டேன்.

— யாரு போயிருவா?

— உங்க தம்பி.

— எமி.

— எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு. ஆபீஸ்ல நாலு பேர் வேலையை ஒருத்தியாப் பாக்கறேன். வருஷத்துல பதினோரு மாசம் இந்த வீட்டுல ஒரு சத்தம் இருக்காது. உங்க கேம்ப் ஆரம்பிக்கிற அன்னைக்கு விடியும்போது பின்வாசல்ல பிரஷ் சத்தம் கேக்கும், சரக் சரக்குன்னு. பூட்ஸ் தேய்க்கிற சத்தம். அப்புறம் முப்பது நாளும் கேக்கும். முப்பதாவது நாள் பதினோரு மணிக்கு நின்னுடும். இன்னைக்குத்தான் முப்பது.

— எந்த பூட்ஸு? அவன் பூட்ஸை நான்தான் ஸ்டோர்ல திருப்பி வாங்கினேன். ரெகுலர்காரன் லீவுல போனாலும் எல்லாம் அவன்கூடவே போகும். டெரிடோரியல் ஆர்மிக்காரன் அப்படி இல்ல. கேம்ப் முடிஞ்சா தொப்பி, பெல்ட்டு, பூட்ஸு எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு வெறும் செருப்போடதான் வீட்டுக்குப் போகணும். உன் வீட்டுல பூட்ஸே கிடையாது பாத்துக்கோ.

— எனக்கும் அது தெரியும். அதான் முதல் வருஷம் கதவையே திறக்கலை, பயம். ரெண்டாவது வருஷம் திறந்தேன். யாரும் இல்லை. ஆனா படிக்கட்டைத் தொட்டா கதகதன்னு இருந்தது, ஜனவரிக் குளிர்ல. ஒருத்தர் ரொம்ப நேரம் உக்காந்து எந்திரிச்ச இடம் மாதிரி.

— பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது உக்காந்திருப்பான்.

— அப்போ அப்படித்தான் நானும் நினைச்சேன். இந்த வருஷம் பக்கத்து வீடு ஏது? எல்லாரும் காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. தண்ணி பைப்பைக்கூட வெட்டிட்டாங்க. மிச்சம் நானும் ஒரு நாயும்தான். அதுவும் முப்பது நாளா பின்பக்கம் எட்டிப் பாக்கறதில்லை. தெருமுனையிலேயே நின்னு வாலை ஆட்டுது.

— குலைக்கலையா?

— நக்கோ, குலைக்கலை. தெரிஞ்சவங்களைப் பாத்து ஆட்டற மாதிரி ஆட்டுது.

— பாஸ்டர்கிட்டச் சொன்னியா நீ?

— போன வருஷம் வந்து ஜெபம் பண்ணார். பாதியில சத்தம் கேட்டுச்சு. ஆமென்கூடச் சொல்லாம ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போயிட்டார். மறுநாள் போன் பண்ணி, பயமா இருந்தா வீட்டை மாத்திக்கோங்கன்னு சொன்னார். பயம் அவருக்கு, வீடு மாத்தறது நானாம்.

— இந்த வருஷம் என்னைக்குக் கேட்டுது?

— ஜனவரி பன்னெண்டாம் தேதி.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. அஞ்சா, பன்னெண்டா?

— எப்பவும் அஞ்சாம் தேதிதான். இந்தத் தடவையும் நாலாம் தேதி ராத்திரியே தலைக்குக் குளிச்சு, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு உக்காந்திருந்தேன். ஒண்ணும் கேக்கலை. சரி, இனிமே வர மாட்டாங்கன்னு நினைச்சு அன்னைக்கு ஆபீஸ்ல உக்காந்து அழுதேன். பன்னெண்டாம் தேதி விடியும்போது பிரஷ் சத்தம். என்ன அத்தான், முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?

— கேம்ப் தேதியை மாத்திட்டாங்கம்மா. மைதானம் வேற பரேடுக்கு வேணும்னு அஞ்சைப் பன்னெண்டாக்கிட்டாங்க. ரிட்டயர்டான எனக்கே முந்தாநேத்து பழைய ஹவில்தார் ராகவேந்திரா சொல்லித்தான் தெரியும். உனக்கு யாரு சொன்னா?

— எனக்கு யார் சொல்வாங்க? அவங்களுக்கு லெட்டர் வந்திருக்கும் போல.

— சும்மா இரும்மா. முதுகெல்லாம் சில்லுங்குது.

— இருவத்தெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவர், பனிமலையில துப்பாக்கியோட நின்னேன்னு கதை கதையாச் சொல்லுவீங்க.

— அங்க எதிர்ல நின்னவன் உயிரோட இருந்தான்.

— உங்களுக்கு உங்க தம்பி எப்பவும் பாதிப் பட்டாளம்தான். "பதினோரு மாசம் ரயில்வேல சிக்னல் கம்பியை முறுக்கிட்டு, ஒரு மாசம் வந்து துப்பாக்கியைத் தூக்கிட்டு நிக்கான்"னு கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிச்சீங்க. அவங்களும் சேந்து சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசலை.

— சிரிச்சேன், இல்லேங்கல. ரெகுலர்காரன் எல்லாருமே சிரிப்போம். எங்களுக்குத் தூங்கும்போதும் தலையில தொப்பி இருக்கிற மாதிரிதான். இவனுவளுக்கு மறந்ததை ஞாபகப்படுத்தவே பத்து நாள் போயிரும். முதல் நாள் தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நிக்கிற அழகை நீ பாக்கணும். ஆனா ஒண்ணு சொல்லுதேன். ஒரு மழையில பாலத்துக்கிட்ட சிக்னல் எல்லாம் செத்துப்போச்சு. நாங்க ரெகுலர்காரங்க அம்பது பேரு சிப்பாய்க்குரிய அழகோட வரிசையா நின்னோம், எதைத் தொடணும்னு தெரியாம. உன் புருஷனும் இன்னும் நாலு டி.ஏ. காரனும் கழுத்தளவு தண்ணில இறங்கி ராத்திரிக்குள்ள ரயிலை ஓட வச்சுட்டானுவ. காலைல வந்து அதே தொப்பையை இழுத்துக்கிட்டு வரிசையில நின்னான்.

— அதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?

— இல்ல.

— ஒரு தடவைகூடவா?

— ரெகுலர்காரனுக்குப் பட்டாளம்தான் சோறு. அவன் நின்னுதான் ஆகணும். இவனுக்குச் சோறு வேற இடத்துல இருக்கு. இருந்தும் வான்னா வந்து அதே வெயில்ல அதே மூட்டையைச் சுமக்கான். இதெல்லாம் மனசுக்குள்ள இருந்துது. வாய்க்கு வரல. எமி, உங்கிட்ட இன்னொண்ணும் சொல்லணும்.

— கொடியைப் பத்தியா?

— உனக்கெப்படித் தெரியும்?

— பெட்டி மேல கொடி போத்தலை. ஏன்னு கேட்டேன். செத்த நேரத்துல அவர் பட்டாளத்துல இல்லை, ரயில்வே ஆள்னு சொல்லிட்டாங்க.

— பெரிய ஆபீசர் சி.ஓ. என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார், எத்தனை மணிக்கு விட்டீங்கன்னு. நான்தான கம்பெனிக்கு நிரந்தர ஸ்டாஃப், என் வாய்தான் ரிஜிஸ்டர். மத்தவங்களை மாதிரி பன்னெண்டுக்குத்தான், ஏதோ வேலையா வெளிய அனுப்பினேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா அவன் பட்டாளத்தானாப் போயிருப்பான். பதினொண்ணுன்னு சொன்னேன். சொந்தத் தம்பிக்குக்கூட ஒரு மணி நேரத்தை மாத்திச் சொல்ல எனக்கு வரல.

— அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கினதே நான்தானே. அழாதீங்க அத்தான். டீ போட்டுத் தரக்கூட முடியாது, அடுப்பு வேன்ல இருக்கு.

— இரு, இரு. பின்னாடி என்ன சத்தம் அது?

— இத்தனை நேரம் கேட்டுட்டுதான் இருந்தது. நீங்க பேசிட்டே இருந்தீங்க.

— பிரஷ்.

— ஹவ், பிரஷ்தான்.

— பத்து இழுப்பு, நிறுத்தி ஒரு ஊதல், மறுபடி பத்து. எமி, இது நான் சொல்லிக்குடுத்த தேய்ப்பு. என் வாத்தியார் எனக்குச் சொல்லிக்குடுத்தது. அந்தக் கம்பெனில வேற எவனுக்கும் தெரியாது.

— கூப்பிட்டுப் பாருங்க. என் குரலுக்கு ஒரு நாளும் நின்னதில்லை. நான் பொண்டாட்டிதானே. பேர் கூப்பிட்டு ஆஜர் எடுத்தவர் நீங்க.

— வேண்டாம்மா.

— கூப்பிடுங்க அத்தான்.

— கொர்னேலியஸ்.

— இப்படியா கேம்ப்ல கூப்பிடுவீங்க? எனக்கே கேக்கலை. ராங்க்கும் சேத்துக் கூப்பிடுங்க.

— நாயக் கொர்னேலியஸ்.

— பாத்தீங்களா, பிரஷ் நின்னுடுச்சு.

— குதிகால் ரெண்டும் சேர்ந்துது. கேட்டியா நீ? டப்புன்னு. கதவுக்கு அந்தப் பக்கம் விறைப்பா நிக்கான்.

— கதவைத் திறக்காதீங்க. திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. இப்படியே பேசுங்க.

— இப்பத்தான் எனக்குப் புரியுது எமி. கடைசி நாள் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, ஒவ்வொருத்தன் பேரையும் கூப்பிட்டு, கடைசில "விசர்ஜன்"னு ஒரு சத்தம் குடுப்பேன். அந்தச் சொல்லுக்குத்தான் கலையணும். விடுவிச்ச சீட்டு பையில இருந்தாலும் அந்தச் சொல் காதுல விழாம ஒருத்தன் போகக் கூடாது. அன்னைக்கு இவன் தனியா ஆபீஸ் ரூமுக்கு வந்தான். சீட்டைக் குடுத்து முதுகுல தட்டி, "போலே, அவ காத்திருப்பா"ன்னேன். பேரும் கூப்பிடல, சொல்லும் குடுக்கல. இவனை யாரும் கலைக்கவே இல்ல. அதான் கேம்ப் வந்தா இவனும் வந்து நிக்கான்.

— மணி என்ன?

— பத்து அம்பத்தாறு. நல்லவேளை, நேரம் இருக்கு. இப்பவே சொல்லிருதேன். ஒரே சொல். அவனுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. நாளைக்கு இந்த வீட்டை இடிச்சாச்சுன்னா அடுத்த வருஷம் பாவி எங்க வந்து நிப்பான்?

— நக்கோ அத்தான். சொல்லாதீங்க.

— ஏம்மா? இதுக்குத்தான நீ இன்னைக்குப் பாத்து என்னை வரச் சொன்ன?

— இன்னைக்குப் பாத்துதான் வரச் சொன்னேன். இதுக்கு இல்லை. முன்னாடியெல்லாம் அக்கா சொல்லுவாங்க, "எனக்கு வருஷத்துல ஒரு மாசம்தான் புருஷன், மத்த மாசமெல்லாம் பார்டருக்கு. உனக்குப் பதினோரு மாசம் புருஷன், ஒரு மாசம்தான் பட்டாளத்துக்கு. நீ குடுத்து வச்சவ"ன்னு. அதைக் கேட்டுப் பெருமையா இருக்கும். இப்ப நான்தான் லீவுல வர்ற புருஷனுக்காகக் காலண்டரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

— எமி, என்ன சொல்ல வர்ற நீ? சீக்கிரம் சொல்லு. ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அவன் இன்னும் விறைப்பா நிக்கான்.

— மூணு வருஷமா கேக்கணும்னு நினைச்சு நினைச்சு முழுங்கிட்டேன். முன்னாடி ஒரு தடவை உங்ககிட்ட ஒண்ணு கேட்டு அவங்க உயிரே போச்சு. அதான் வாய் வரலை.

— கேளும்மா. எதுன்னாலும் செய்யுதேன்.

— உங்க சொல்லுக்கு நிக்கறாங்க. உங்க சொல்லு இருந்தாத்தான் போவாங்கன்னா, உங்க சொல்லு இருந்தா வருஷம் பூரா எங்கூடவே இருப்பாங்கதானே. கலைக்காதீங்க. அவங்களை ரெகுலர்ல சேத்துடுங்க அத்தான்.